நெழல் பங்கு

நம்பாதவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம், ஏன்னா பாதிக் கதையில நிறுத்தி "அதெப்படி"ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டு போச்சு, எங்க காலேஜ் வைரமணி சார்லேர்ந்து கரையில டீக்கடை போட்டிருக்கிறவரு வரைக்கும் எல்லார்கிட்டயும் சண்டை போட்டு முடிச்சாச்சு. எங்க கணவாத்திட்டுல அந்த வருஷம் பங்குனி கடைசியில பறவைங்க எல்லாம் வடக்க பொறப்பட்டுப் போச்சு, அதுங்களோட நெழலுங்க மட்டும் போகல, அவ்வளவுதான் விஷயம்.

நான் அப்போ சேத்துமேட்டுல நின்னேன். தீவுக்கு மேக்கால, கடல் வத்துறப்ப வெளிய வர்ற அந்தச் சேத்துமேட்டுக்குத்தான் வருஷா வருஷம் ஆவணி பொறந்ததும் எங்கெங்கேருந்தோ பறவைங்க வரும், மூக்கு அருவா மாதிரி வளைஞ்ச கோட்டான் வரும், ஆந்தை இல்ல, சேத்துல மேயிற கோட்டான், அலைக்குப் பயந்து ஓடி வந்து திரும்ப அலையவே தொரத்திக்கிட்டுப் போற உள்ளான் வரும், கொஞ்சம் ஓடி, நின்னு, எதையோ யோசிச்சு, திரும்ப ஓடுற உப்புக்கொத்தி வரும், கடைசியா பொரட்டாசி முடியிறப்ப குச்சிக்கால் மேல ரோசாப்பூவக் கட்டி நிறுத்துன மாதிரி பூநாரைங்க வரும், பங்குனி வரைக்கும் தின்னு கொழுத்துட்டு வந்த வழியே போயிரும். அதுங்களப் பாக்குறதுதான் என் படிப்பு. காலேஜ்ல குடுத்த பைனாகுலரக் கழுத்துல மாட்டிக்கிட்டு, எது எந்தப் பறவை, எது எங்க மேயுது, எது யாரோட சண்டை போடுதுன்னு நாள் பூரா வெயில்ல நின்னு பாப்பேன், ஊரு என்னப் பாத்துச் சிரிக்கும், நானும் சும்மா விடமாட்டேன், பதிலுக்கு நல்லாக் கேட்டு விடுவேன்.

அன்னைக்குப் பூநாரைங்க தண்ணி மேல ஓட ஆரம்பிச்சுச்சு. அதுங்க அப்படித்தான், ஓடி ஓடித்தான் எந்திரிக்கும். எந்திரிச்சு, கூட்டமா ஒரு சுத்து சுத்தி, வடக்க பாத்து ஒரு கோடாப் போயி, அந்தக் கோடும் கரைஞ்சதுக்கப்புறம் நான் பைனாகுலர எறக்கிக் கீழ பாத்தா, நெழலுங்க அங்கேயேதான் நின்னுச்சு, தலையக் குனிஞ்சு சேத்துல மேஞ்சுக்கிட்டு, ஒத்தக் கால்ல தூங்கிக்கிட்டு, ஒண்ண ஒண்ணு கொத்திக்கிட்டு, உள்ளானோட நெழலுங்க அலையக் கண்டு ஓடிக்கிட்டு, மேல வானம் தொடச்சு வச்ச தட்டு மாதிரி காலியாக் கெடந்துச்சு. பாசி எடுக்கப் போன பொம்பளைங்க அந்த வழியா வந்தாங்க, நின்னு பாத்தாங்க, "போற அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்கும்"னு ஒருத்தி சொன்னா, "வேணும்னா வந்து எடுத்துக்கும்"னு இன்னொருத்தி சொன்னா, ஈரச் சேலையப் பிழிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

நான் வைரமணி சாருக்குப் போன் போட்டேன்.

"பிளாவியா, நெழலுங்கிறது பறவையோட உறுப்பு இல்லம்மா."

"உறுப்புன்னு நான் சொல்லல சார். கெடக்குதுன்னு சொல்றேன்."

"போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிட்டாரு. "இதுல பறவையே இல்லையே."

"அதத்தானே சார் அப்போலேர்ந்து சொல்றேன்."

வெயில்ல ரொம்ப நிக்காத, நெறையத் தண்ணி குடின்னு சொல்லிப் போன வச்சுட்டாரு.

வெயில். அதச் சொல்லாம இதச் சொல்ல முடியாது. எங்க தீவுல மரம் கெடையாது. முன்னாடி இருந்துச்சு, ஒரு பொயல்ல எல்லாம் சாஞ்சு, உப்பு ஏறி, அதுக்கப்புறம் எத நட்டாலும் கருகிருச்சு. பொயலுக்கப்புறம் குடுத்த தகரத்துலதான் எல்லா வீடும். தகரத்துக்குக் கீழ இருக்கிறது நெழலே இல்ல, அது சட்டிக்கு மூடி. சேலையக் கட்டினா சேலை வழியா வெயில் எறங்கும், சாக்கக் கட்டினா மூச்சு முட்டும், கீத்து போட்டா காத்து அள்ளிக்கிட்டுப் போயிரும். எங்க செலஸ்டின் அண்ணன் பொஞ்சாதி ரெக்சலின் மதினிக்கு அந்த மாசி ஆரம்பத்துலதான் புள்ள பொறந்திருந்தான், நாள் ஆகுறதுக்கு முன்னாடியே, ஒரு கணவா மீன் அளவுக்கு, அதே மாதிரி உள்ள ஓடுறதெல்லாம் தெரியுற மெல்லிசுத் தோலோட. ஒரு தடவ ஜன்னி வந்து பொழச்சிருந்தான். இன்னொரு தடவ வந்தா என் கையில இல்லம்மா, நடந்து பழகுற வரைக்கும் சூடு படாமப் பாத்துக்கோங்கன்னு அக்கரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அக்கரையில சொந்தக்காரங்க வீட்டு ஃபேனுக்குக் கீழ வச்சுப் பாத்தா மதினி. அவங்க மொகம் சுருங்க ஆரம்பிச்சதும் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் படகேறி வந்துட்டா. வந்து என்ன செஞ்சான்னா, வீட்டுக்குப் பின்னால காத்து வர்ற எடத்துல பாயப் போட்டுப் புள்ளையக் கெடத்தி, சூரியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தான் நின்னுக்குவா, தன் நெழல் அவன் மேல விழுற மாதிரி, சூரியன் நகர நகர அவளும் நகந்து, கடிகாரத்து முள்ளு மாதிரி அந்தப் பாயச் சுத்தி வருவா. அண்ணன் கடலுக்குப் போயிருவான், நான் சேத்துமேட்டுக்குப் போயிருவேன், ஊரு அதது வேலையப் பாக்கும். ஒருநா உச்சியில கண்ணு இருட்டி, புள்ள மேல விழுந்திருக்க வேண்டியவ, எப்படியோ பக்கத்துல விழுந்தா.

பறவைங்க போன மறுநாள் காலையில அவ புள்ளையத் தூக்கிக்கிட்டுச் சேத்துமேட்டுக்கு வந்தா. நின்னதுலயே பெருசா, அடர்த்தியா இருந்த ஒரு பூநாரை நெழல் மேல அவனக் கெடத்தினா. நெழலு அவன் மேல ஏறிப் போத்திக்கிச்சு. அவன் மொதத் தடவையா உள்ளங்கையத் தெறந்து, விரல விரிச்சுத் தூங்கினான். உயிருள்ளதோட நெழலுதான் குளிரும்னு எங்க தீவு கண்டுபிடிச்சது அப்போதான். மதினி அந்த நெழலப் பாயச் சுருட்டுற மாதிரி சுருட்டி, இடுப்புல புள்ள, கக்கத்துல நெழலுன்னு வீட்டுக்கு நடந்தா, அதோட ஒரு கால் மட்டும் சுருள விட்டு வெளிய தொங்கிக்கிட்டு ஒதறிக்கிட்டே போச்சு.

ஊரு பாத்துச்சு. பாத்தா விடுமா.

எங்க கமிட்டித் தலைவரு மோயீசன் மாமாவுக்கு ஒடம்பும் பெருசு, கொரலும் பெருசு. கரைவலை இழுத்து மீன் வந்தா அதப் பங்கு வைக்கிற கொரலு அது. வலைக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, இழுத்தவங்களுக்குப் பங்கு, இழுக்க ஆம்பள இல்லாத வீட்டுக்கு இழுக்காமலே ஒரு பங்குன்னு அவரு மணல்ல நின்னு சொன்னா, அதுக்கு மேல எங்க தீவுல பேச்சு கெடையாது, திமிங்கிலம் ஒதுங்கினாலும் சரி, கப்பல்லேர்ந்து விழுந்த மரக்கட்டை ஒதுங்கினாலும் சரி, கரையில கெடந்தா ஊருக்குச் சொந்தம், ஊருக்குச் சொந்தம்னா பங்கு. அவரு சேத்துமேட்டக் கண்ணால அளந்து பாத்துட்டுக் கரைவலைய எடுத்துட்டு வரச் சொன்னாரு.

"இது என்ன மீனா மாமா?"ன்னு நான் குறுக்க நின்னேன்.

"வலையில வந்தா மீனுதான் மருமவளே."

"இதுங்களுக்கு ஆளு இருக்கு. வருஷம் திரும்புனா வரும்."

"வந்தா பேசிக்குவோம். பறவைங்க கமிட்டிக்கு வரட்டும், நாற்காலி போட்டு ஒக்கார வைக்கேன். இப்ப நகரு."

இழுத்தாங்க. ஏலேலோ பாடி, ஊரே ரெண்டு பக்கமும் கயித்தப் பிடிச்சு, வெயில்ல வேர்வை கொட்ட இழுத்தாங்க, வலை கனமே இல்லாம, ஆனா கறுப்பாத் ததும்பித் ததும்பிக் கரையேறுச்சு. பூநாரைங்க வீட்டுக்கு ஒண்ணுன்னு போச்சு. கோட்டான் நெழல் கோயில் பங்கு, அதக் கோயிலுக்கு முன்னால மாதா நிக்கிற கல்லுக் கெபியில அவ தலைக்கு மேல கட்டினாங்க, அதோட வளைஞ்ச மூக்கு மாதா கிரீடத்தக் கொத்திக்கிட்டே இருந்துச்சு, மாதா ஒண்ணும் சொல்லல. உள்ளானும் உப்புக்கொத்தியும் பொடிசு, தனித்தனியா ஒரு கருவாட்டுக்குக்கூடக் காணாது, அதனால பொம்பளைங்க வலை முடியுற ஊசிய எடுத்து, ஒண்ணோட ஒண்ணச் சேத்துத் தச்சுப் பெரிய பெரிய விரிப்பாக்கித் தகரத்து மேல போட்டாங்க, மீன் காயப்போடுற வாடிக்குப் பந்தலாப் போட்டாங்க. தகரம் சுடுறத நிறுத்துச்சு. சித்திரை வந்துச்சு, எங்க ஊர்ல மத்தியானம் ஜனம் தூங்குச்சு, பெறந்ததுலேர்ந்து மத்தியானத் தூக்கம்னா என்னன்னு தெரியாத ஜனம்.

பழகிக்கிட்டாங்க. எதுக்கும் பழகிக்கிற ஊரு அது. கல்யாணப் பேச்சுல பொண்ணு வீட்டுக்காரங்க "நெழல் எத்தனை"ன்னு கேட்டாங்க. உள்ளான் நெழல் கூரையில நிக்காம அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுறதால கீழ படுக்கிறவங்க பாயோட உருண்டு ஓடப் பழகிக்கிட்டாங்க. அதோட மூக்கு நேரு, இதோட மூக்கு குட்டை, இது நடந்தா வாலு ஆடும், அது நிக்கிறப்ப தோளத் தூக்கிக்கும்னு, பறவைன்னா காக்காயும் கோழியும்தான்னு இருந்த பொம்பளைங்க நெழலப் பாத்தே இனம் சொன்னாங்க, நான் புஸ்தகத்தப் பாத்துப் பாத்துச் சொன்னத ஊசிக் கையோட திருத்தினாங்க, "ஏட்டி, இது அந்த உள்ளான் இல்ல, இதுக்குக் கால் நெட்டை, அவுத்துப் போட்டு வேறதுல சேரு"ன்னு. எனக்கு அது சந்தோஷமா, கோவமான்னு தெரியாது. ரெண்டும்தான்.

ஆனா எனக்கு மட்டும் அந்த மத்தியானத் தூக்கம் வரல. ஒரு நாள் வாடிக்குப் பக்கத்துல ஒரு காக்கா எறங்குறதப் பாத்துக்கிட்டிருந்தேன். காக்கா எங்கயும் போறதில்ல, அதோட நெழல் அதுகூடத்தான் இருந்துச்சு. காக்கா மேலேருந்து சாஞ்சு வர, அதோட நெழல் தூரத்துலேருந்து தரையில வழுக்கிக்கிட்டு வர, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து ஓடி வந்து, சரியா கால் பட்ட எடத்துல சேந்துச்சு. சேந்தப்புறம்தான் அது நின்னுச்சு. நான் மறுபடி பாத்தேன், வேற காக்காயப் பாத்தேன், கோழி சுவத்துலேர்ந்து குதிக்கிறதப் பாத்தேன். எல்லாம் அப்படித்தான். எறங்குறதுன்னா தரையில எறங்குறது இல்ல, தன்னோட நெழல் மேல எறங்குறது.

நேரா மோயீசன் மாமாகிட்ட போனேன், பந்தலுக்குக் கீழ கட்டில் போட்டுப் படுத்திருந்தாரு.

"மாமா, அதுங்க திரும்பி வந்தா எது மேல எறங்கும்?"

"தரை மேல."

"நெழல் இல்லாமயா?"

"நீ படகுலேர்ந்து எறங்குறப்ப நெழலப் பாத்துத்தான் எறங்குதியா?"

"எனக்கு அது கூடவே வருது, நான் பாக்க வேண்டியதில்ல. ஒங்களுக்கும் வருது. அத வெட்டி எங்க வீட்டுக் கூரையில தச்சுட்டா, அப்போ பாப்போம் நீங்க எப்படி எறங்குறீங்கன்னு."

பந்தலுக்குக் கீழ படுத்திருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. மாமாவும் வயிறு குலுங்கச் சிரிச்சாரு. "வாய்க்குப் பங்கு வச்சிருந்தா மொதப் பங்கு ஒனக்குத்தான் மருமவளே"ன்னாரு.

ஆனி போச்சு, ஆடிக் காத்து வந்துச்சு. காத்துக்கு நெழலுங்க அசையாது, அதுங்க வேற எதுக்கோ அசைய ஆரம்பிச்சுச்சு. எல்லாக் கூரையிலயும் எல்லா நெழலும் ஒரே நாள்ல தலையத் திருப்பி வடக்க பாத்துச்சு. தையல் இழுபட்டுச்சு. பொம்பளைங்க முடிச்ச இறுக்கினாங்க. நான் ஒரு நாளைக்கு ஒரு தடவ அவுத்து விடுங்கன்னு சொல்லுவேன், ஒரு நாளைக்கு ஒரு தடவ வாங்கிக் கட்டிக்குவேன், மத்த நேரமெல்லாம் கழுத்து வலிக்க வானத்தப் பாத்துக்கிட்டிருப்பேன், வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு. பறவை வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்ட பறவைப் படிப்பு மாணவி உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஆவணியில வந்துச்சு.

மொதல்ல சத்தம்தான் வந்துச்சு, விடியிறப்ப, மேலேருந்து, சின்னச் சின்ன விசிலு மாதிரி. நான் ஓடிப் போயிப் பாத்தேன். இளைச்சுப் போயி, எலும்பும் றெக்கையுமா, எத்தனையோ கடலத் தாண்டி வந்த உள்ளானும் உப்புக்கொத்தியும் சேத்துமேட்டப் பாத்துக் கூட்டமாச் சரிஞ்சு எறங்கி, ஆள் ஒசரத்துக்கு வந்து, காலத் தொங்கப் போட்டு, சூடான சட்டியில பட்ட மாதிரி வெடுக்குன்னு மேல போயிருச்சு. திரும்ப எறங்குச்சு, திரும்ப மேல போச்சு. கீழ சேறு, சேத்துல புழு, எல்லாம் காத்துக்கிட்டுக் கெடந்துச்சு, எறங்கத்தான் எடமில்ல. அப்புறம் அதுங்க ஊருக்கு மேல வந்துச்சு. கூரைங்க மேல தைச்சுக் கெடந்த நெழலுங்க படபடன்னு அடிச்சுக்கிச்சு, ஆனா நூறோட ஒண்ணாப் பின்னிக் கெடக்கிறதுல தன்னோடது எதுன்னு தெரியாம, பறவைங்க கூரைக்கு மேலயே சுத்திச்சு, சுத்திச்சு, சத்தம் கொறையவே இல்ல.

ஊரு அதுக்கும் பழகப் பாத்துச்சு. காதுல பஞ்சு வச்சுக்கிட்டாங்க. வெளிய போறப்ப எச்சம் விழாம இருக்க அண்டாவக் கவுத்துத் தலையில வச்சுக்கிட்டாங்க. கமிட்டி கூடுச்சு, யாரு மொதல்ல அவுக்கிறதுங்கிறதுதான் பேச்சு. மேலத்தெரு கீழத்தெருவச் சொல்லுச்சு, கீழத்தெரு கோயில் பங்கச் சொல்லுச்சு, கோயில் பங்க அவுத்தா ஊருக்கு ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. "எங்கள நாக்கத் தள்ளிக் கருகச் சொல்லுதியா"ன்னு ஒரு அக்கா எங்கிட்டயே பாஞ்சா. அவளுக்கும் ரெண்டு புள்ள, அதுங்க ஒடம்புல அந்த வருஷம்தான் வேர்க்குரு இல்ல. அன்னைக்குச் சாயந்தரத்துலேர்ந்து பறவைங்க விழ ஆரம்பிச்சுச்சு.

ஒரு உள்ளான் மோயீசன் மாமா கட்டில் பக்கத்துல விழுந்துச்சு. விழுந்துச்சுன்னா, விழல, தரைக்கு ஒரு விரக்கடை மேல நின்னு தத்தளிச்சுச்சு. அவரு அதக் குனிஞ்சு எடுத்தாரு. அந்தப் பெரிய உள்ளங்கையில அத நிக்க வைக்கப் பாத்தாரு. கால் படல. அவரு கைக்கும் அது காலுக்கும் நடுவுல ஒரு நூலிழை எடம், அதுல அது ஓடுது, ஓடிக்கிட்டே இருக்குது, நகரல. மணல்ல வச்சுப் பாத்தாரு, பாய்ல வச்சுப் பாத்தாரு, கடைசியாத் தன் நெஞ்சு மேல வச்சுப் பாத்தாரு. மேல பந்தல்ல ஒரு மூலை மட்டும் துடிக்க ஆரம்பிச்சுச்சு. மாமா அண்ணாந்து பாத்தாரு. அவரு மொகத்துல இருந்த சிரிப்பு எல்லாம் ஒவ்வொண்ணா எறங்கிப் போனத நான் பாத்தேன்.

"பாத்துக்கிட்டு நிக்குதியே," ன்னு எங்கிட்ட எரிஞ்சு விழுந்தாரு. "எந்த முடிச்சுன்னு பாரு."

நான் கட்டில் மேல ஏறி முடிச்ச அவுத்தேன். அந்தத் துண்டு நெழல் மணல்ல சொட்டுச்சு. உள்ளான் அவரு நெஞ்சுலேர்ந்து தாவி, எறங்கி, நின்னுச்சு. நின்னு, றெக்கைய ஒதறி, மடக்கிக்கிட்டு, அவரு கால் பக்கத்துலயே கண்ண மூடிக்கிச்சு. அந்தக் கொரல் அப்புறம் ஊரு பூரா கேட்டுச்சு: எல்லாரும் விரிப்ப எடுத்துக்கிட்டுச் சேத்துமேட்டுக்கு வாங்க, ஊசி கத்திரி எடுத்துக்கிட்டு வாங்க, கோயில் பங்கும் வரட்டும், சாமி ஏதும் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.

தச்சவங்களே அவுத்தாங்க. சேத்துல சம்மணம் போட்டு ஒக்காந்து, இது குட்டை மூக்கு, இது நெட்டைக் காலு, இது தோளத் தூக்குறதுன்னு இனம் பிரிச்சு, ஒவ்வொண்ணா ஒதறிப் போட்டாங்க, போடப் போட மேலேருந்து பறவைங்க மழை மாதிரி எறங்குச்சு, தலையில எறங்குச்சு, மடியில எறங்குச்சு, எறங்கினதும் சாப்பிட ஆரம்பிச்சுச்சு. சிலதுக்கு ஆளே வரல. அந்த நெழலுங்களச் சேத்து ஒரு ஓரமா வச்சுட்டு, பொம்பளைங்க அதப் பாக்காம எந்திரிச்சாங்க. எல்லாரும் எரியுற தகரத்துக்குக் கீழ திரும்பிப் போனாங்க. பொரட்டாசி கடைசியில பூநாரைங்க வந்தப்ப வீட்டுக்கு வீடு நெழலுங்க காத்துக்கிட்டிருந்துச்சு, ஊரே மொணங்கிக்கிட்டு, ஆனா சுருட்டி எடுத்துட்டுப் போயிக் குடுத்துச்சு.

ஒண்ணு மட்டும் எறங்கல. அது எங்க வீட்டுக்கு மேல சுத்துச்சு.

உள்ள, தகரத்துக்குக் கீழ, மதினி அந்த நெழல் மேல புள்ளைய வச்சிக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தா. எட்டு மாசத்துப் புள்ள, அஞ்சு மாசம் மாதிரி இருந்தான், ஆனா இருந்தான். அந்த வருஷம் மழையும் இல்ல, வெயில் கொறையவும் இல்ல.

"மதினி, அது ஒண்ணுதான் மிச்சம்."

"தெரியும்."

"இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துரும்."

"இவனும்தான்."

"அதுக்காக..."

"ஏட்டி பிளாவி, நீ பறவைய எண்ணு. எத்தனையோ இருக்கு ஒனக்கு, எண்ணலாம். நான் இவன எண்ணுதேன். எண்ணிப் பாத்தா ஒண்ணுதான் வருது." அவ கொரலு ஒசரல. "நான் வெயில்ல நின்னு சாஞ்சப்ப இந்த ஊர்ல எந்தக் கமிட்டி கூடுச்சு?"

நான் வாசல்ல ஒக்காந்தேன். மேல அந்தப் பூநாரை சுத்தச் சுத்த, உள்ள நெழல் புள்ளைய விட்டு எந்திரிச்சு எந்திரிச்சு வாசல் பக்கம் இழுத்துச்சு, திரும்ப வந்து அவனப் போத்துச்சு, திரும்ப இழுத்துச்சு, ரெண்டு பக்கமும் புள்ள இருக்கிற தாய் மாதிரி அது அல்லாடுச்சு. புள்ள அது இழுக்கிற பக்கம் கைய நீட்டினான். மதினி ரொம்ப நேரம் அதையே பாத்தா. பறவை கத்துற சத்தம் கம்மிப் போயி, ஒரு தடவ நின்னே போச்சு, நாங்க ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்தோம், திரும்பக் கேட்டுச்சு.

"பாயோட தூக்கு," ன்னா மதினி. "இவன எடுக்க மாட்டேன். நெழலோடயே வருவான்."

நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம், நடுவுல பாய்ல புள்ள, புள்ள மேல நெழல். எங்க தலைக்கு மேல அந்தப் பூநாரை தாழத் தாழ வந்துச்சு, அது றெக்கைக் காத்து எங்க கழுத்துல பட்டுச்சு. ஊரு வாசல்ல வாசல்ல நின்னு பாத்துச்சு, பின்னாலேயே வந்துச்சு. உச்சி வெயில். சேத்துமேட்டுல பாய எறக்கி வச்சோம். அந்தப் பெரிய பறவை, அவ்வளவு நெட்டைக் காலோட, கணவா மீன் மாதிரி இருந்த எங்க புள்ள மேல நேரா எறங்குச்சு. மதினி என் மணிக்கட்டப் பிடிச்ச பிடியில எலும்பு நொறுங்குன மாதிரி இருந்துச்சு. அது ஒரு கால அவனுக்கு இந்தப் பக்கம் வச்சுச்சு, ஒரு கால அந்தப் பக்கம் வச்சுச்சு. நெழல் அது கால்ல போயி ஒட்டிக்கிச்சு. அவன் கீழ படுத்துக்கிட்டு அந்த ரோசாக் கலரு வயித்தப் பாத்தான். அதுவும் கழுத்த வளைச்சு அவனப் பாத்துச்சு.

அப்புறம் அது பறவை செய்யிறதச் செஞ்சுச்சு. பசிச்சிருச்சு அதுக்கு. ஒரு அடி எடுத்து வச்சுது, இன்னொரு அடி, நெழலையும் இழுத்துக்கிட்டுத் தண்ணியப் பாத்துப் போயிருச்சு.

வெயில் புள்ள மேல விழுந்துச்சு. அப்போதான் பாத்தோம், அவனுக்கும் ஒரு நெழல் இருந்துச்சு, ஒரு உள்ளான் அளவுக்கு, பாய்ல அவன் பக்கத்துல ஒட்டிக்கிட்டு. எப்பவும் வேற ஒண்ணோட நெழல்லயே கெடந்ததால அத அவன் அம்மாகூடப் பாத்ததில்ல. அவன் அழுதான். மதினி எந்திரிச்சுச் சூரியன் பக்கம் போயி நின்னுக்கிட்டா, பழைய மாதிரி, தன் நெழல் அவன் மேல விழுற மாதிரி. அவன் அழுகைய நிறுத்தினான். அவ கண்ண மூடிக்கிட்டு நின்னா, கால் இப்பவே ஆடுச்சு.

நான் போறதுக்குள்ள ஒரு பெரிய நெழல் வந்து அவ நெழலையும் புள்ளையையும் பாயையும் சேத்து மூடுச்சு. மோயீசன் மாமா.

"நீ போயி ஒக்காரு தாயி," ன்னாரு. "என் ஒடம்புக்கு இதுல இன்னும் நாலு புள்ள படுக்கலாம்." சொல்லிட்டு, புள்ளைக்கு முதுகக் காட்டிக்கிட்டு, மணல்ல மீன் குமிச்சு வச்சிருக்கிறப்ப நிக்கிற மாதிரி நின்னு, கொரலத் தூக்கினாரு. "பங்கு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. காலையில மேலத்தெரு ஒரு பங்கு. வெயில் ஏற ஏற கீழத்தெரு ஒரு பங்கு. உச்சிக்கு வலைக்காரங்க பங்கு, கடலுக்குப் போனவன் பங்க அவன் பொஞ்சாதி நிப்பா. சாயங்காலம் கோயில் பங்கு, உபதேசியார் நிக்கட்டும், ஜெபத்த நின்னுக்கிட்டே சொல்லட்டும். ஆம்பள இல்லாத வீட்டுக்கு இதுல பங்கு இல்ல."

"ஏன் இல்ல?"ன்னு அப்படி ஒரு வீட்டுக்காரி முன்னால வந்தா. "மீன்ல குடுத்தீரு, இதுல மட்டும் தள்ளி வைப்பீரோ?"

மாமா யோசிச்சாரு. "சரி, ஒரு பங்கு," ன்னாரு.

நின்னாங்க. அந்த வருஷம் பூரா நின்னாங்க, சண்டை போட்டுக்கிட்டு, நீ நேரம் கொறச்சுட்ட, ஒன் நெழல் ஒல்லி, நீ அசையிறன்னு ஏசிக்கிட்டு, அண்ணன் கடல்லேர்ந்து வந்த மீன் வாசனையோட நின்னான், வேர்க்குரு புள்ளைங்களோட அம்மா குடத்த எறக்கி வச்சுட்டு நின்னா. புள்ள ஆள் மாறுறத மூக்கால கண்டுபிடிச்சான். தவழ்ந்தான். தவழ்ந்தா நிக்கிறவங்களும் கூடவே நகரணும். பங்குனி வந்துச்சு, நான் திரும்பப் பூநாரைங்க காலடியில நெழல் ஒட்டியிருக்கான்னு பாக்க ஆரம்பிச்சேன், இந்தத் தடவயும் விட்டுட்டுப் போயிருமோன்னு. விட்டுட்டுப் போனா நல்லதோன்னும் நடுவுல ஒரு நெனப்பு வந்துச்சு பாருங்க.

அதுங்க பொறப்பட்ட அன்னைக்கு உச்சி சாயுறப்ப என் பங்கு. சேத்துமேட்டுக்குப் பக்கத்துலதான் பாயப் போட்டிருந்தோம். பூநாரைங்க ஓட ஆரம்பிச்சப்ப எனக்கு முதுகுப் பக்கம் சத்தம் கேட்டுச்சு, தண்ணிய அறையிற சத்தம். கழுத்துல பைனாகுலர் தொங்குது. திரும்புனா நெழல் நகரும். நான் திரும்பல. நான் தரையத்தான் பாத்தேன். மேல றெக்கைச் சத்தம் போகப் போக, எங்கள ஒரசிக்கிட்டு நெழலுங்க ஓடுச்சு, பாய் மேல ஏறி எறங்கி, புள்ள மொகத்துல ஒரு நொடி இருட்டி, ஒரு நொடி வெளிச்சமாகி, ஒண்ணு பின்னால ஒண்ணா, ஒண்ணும் பாக்கி இல்லாம வடக்க பாத்துப் போயிருச்சு. வெள்ளையாக் கெடந்த அந்தத் தரையில மிஞ்சினது என் நெழல் ஒண்ணுதான். அந்த நெழலுக்குள்ள புள்ள என் பாவாடையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, ரெண்டு கால்ல நின்னு, நெழலோட ஓரம் எங்க முடியுதுன்னு எட்டிப் பாத்தான். வெயில் எனக்கு உச்சந்தலையில ஊசியா எறங்குச்சு. கண்ணு லேசா இருட்டுற மாதிரி இருந்துச்சு.

"ஏட்டி, அசையாத," ன்னா மதினி, கொஞ்சம் தள்ளி ஒக்காந்து வலை முடிஞ்சுக்கிட்டு.

"அசையல," ன்னேன்.